அண்ணி திரும்பிப் போக முடியாத ஊர்

அண்ணி கண்மூடி இன்று முப்பத்தொன்றாம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அண்ணியின் கையால் தேநீர் குடித்தவர்கள். ஆனாலும் அவர் எந்த ஊரில் பிறந்தார் என்பது உங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அண்ணா, "நீயே எழுது, எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டார். எனக்கும் உடம்பில் தென்பு இல்லை. இருந்தும் இதை எழுதும் கடமை என்னுடையதுதான். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அண்ணி பிறந்தது ரஷ்யாவில், ஊரல் மலைகளுக்குள் சுற்றிவர முள்வேலி போட்ட ஒரு மூடிய நகரத்தில். ஆயுத ஆலை ஒன்றுக்காகவே கட்டிய நகரம் அது. அந்தக் காலத்து வரைபடங்களில் அதற்குப் பெயரே கிடையாது. வெளியார் கேட்டால் பக்கத்துப் பெரிய நகரத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் கடைசிவரை அண்ணியை விடவில்லை. நம்மவர்களோ ஊரைக் கேட்காமல் விடுவார்களா? இங்கே ஜெர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் "ரஷ்யாவிலை எவடம் பிள்ளை?" என்று கேட்ட அம்மாமாருக்கெல்லாம் "மலைப் பக்கம்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அண்ணாவுக்கு மட்டும் அது விளங்கியது. "நாங்களும் சண்டைக் காலத்திலை பாஸ் எடுத்துத்தானே ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள்" என்பார்.

நான்கு வயதில் தாயை இழந்த அண்ணியை வளர்த்தவர் தாயின் தமக்கை. தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவரும், காய்ச்சலில் பக்கத்தில் இருந்தவரும் அவரே. தந்தை ஜெர்மன் வழி வந்தவர். எல்லைகள் திறந்த காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு டோர்ட்மண்டுக்கு வந்துவிட்டார். பெரியம்மா அங்கேயே தங்கிவிட்டார். இங்கே அண்ணி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். அதே இல்லத்தின் சமையலறையில்தான் அண்ணாவும் வேலை செய்தார். கலியாணம் என்றதும் எங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அதே அம்மாவை ஏழு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் அண்ணிதான். பெற்ற பிள்ளை நான் சனிக்கிழமைகளில் வந்து போனேன்.

அண்ணிக்கு இருந்தது ஒரே ஆசை. பெரியம்மாவை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ஆனால் ரஷ்யக் குடியுரிமையை விட்டுவிட்டதால் பிறந்த ஊருக்கே அவர் அந்நியராகிவிட்டார். அங்கே வசிக்கும் நெருங்கிய உறவினரைக் காட்டி விண்ணப்பித்தால்தான் உள்ளே விடுவார்கள். பெரியம்மாவோ இடுப்பெலும்பு முறிந்து நடமாட முடியாதவர். வேலிக்கு வெளியே வந்து பார்க்கவும் வழியில்லை.

பயண முகவர் ஜெர்மன் மொழியில் ஒரு படிவம் தந்தார். அண்ணி வேலை முடிந்து வந்து கதிரையிலேயே கண்ணயர்ந்துபோனார். "மச்சாள், நீங்களே நிரப்புங்கோ. எனக்கு எழுத்துத் தெரியேல்லை, அவ்வளவு களைப்பு" என்றார். நான் நிரப்பினேன். உறவுமுறை கேட்ட இடத்தில் "தாய்" என்று எழுதினேன். பொய் சொல்கிறேன் என்று எனக்குக் கடுகளவும் தோன்றவில்லை. என் பெரியம்மாவின் பிள்ளைகளைக்கூட இந்த நாட்டின் எல்லா அன்ட்ராக் படிவங்களிலும் என் கூடப் பிறந்தவர்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். அண்ணி பார்க்காமலே ஒப்பமிட்டார். முகவர் அதை அப்படியே ரஷ்ய மொழியில் மாற்றி அனுப்பினார்.

நான்கு மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. தாய் என்று குறித்தவர் தாய் அல்ல, தாய் இறந்து பல வருடங்கள் என்று எழுதியிருந்தது. அண்ணி அதை இரண்டு தரம் வாசித்து மடித்து வைத்தார். என்னைப் பார்த்து, "அழாதேங்கோ மச்சாள். நீங்கள் பிழையா ஒண்டும் எழுதேல்லை" என்றார். அதன்பின் ரஷ்யா போருக்குப் போனது, வழிகள் அடைபட்டன. பிறகு அண்ணிக்கு உடம்பில் வருத்தம் வந்தது. இரண்டு வருடம் வைத்தியரிடம் டெர்மின், ஆஸ்பத்திரி, மறுபடி டெர்மின். ஞாயிறுதோறும் பேசுவதுபோல் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் பெரியம்மாவின் குரலைக் காதோடு வைத்துக் கேட்டபடி கிடந்தார்.

செத்தவீடு முடிந்த மறுவாரம் மருமகளை, அதாவது தாயிடம் ரஷ்ய மொழி பழகிய அண்ணாவின் மகளை, பக்கத்தில் இருத்திப் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பிழையால்தான் நீங்கள் பார்க்காமல் போனீர்கள் என்று சொல்லச் சொன்னேன். அங்கிருந்து வந்ததை மருமகள் தமிழாக்கினாள்.

"அது தெரியுமாம், மாமி. அப்ப ஒரு அதிகாரி வீட்டை வந்தவராம். இவ என்ரை மகள் இல்லை, தங்கச்சியின்ரை மகள் எண்டு கையெழுத்து வைச்சால் திருத்தி அனுமதி தரலாம் எண்டவராம். அவ வைக்கேல்லையாம்."

"ஏனாம்?"

"இல்லையெண்டு எழுதிக் குடுத்திட்டு எந்த முகத்தோடை பிள்ளையைப் பாக்கிறது எண்டு கேக்கிறா."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கையெழுத்து! அதைப் போட்டிருந்தால் இருவரும் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாமே. அண்ணிக்கு இது தெரிந்திருந்ததா என்று கேட்கச் சொன்னேன்.

"தெரியுமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சொன்னவவாம். 'நீங்கள் அதை எழுதியிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டன்' எண்டு அம்மா சொன்னவவாம்."

இதை மூன்று வருடம் அண்ணி என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என் மனம் இன்னும் நோகும் என்று நினைத்திருப்பார். அவர் அப்படித்தான்.

அண்ணியின் கடைசி நாட்களில் சோறு கறி சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், தங்கள் சொந்தம்போல் பார்த்த தாதிமாருக்கும், கொலோனிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்து கிரியைகளில் கைகொடுத்த உறவுகளுக்கும், அண்ணாவைத் தனியே விடாமல் இருந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்களையும் மறக்க மாட்டோம்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். மலரின் முதற்பக்கத்தில் அண்ணியைப் பெரியம்மாவின் அன்பு மகள் என்று அச்சிட்டிருக்கிறோம். பெற்ற தாயின் பெயர் அடுத்த வரியில் இருக்கிறது. அச்சகத்தார் "இது சரிதானோ?" என்று இரண்டு தரம் கேட்டார்கள். உறவினர்களும் பிழை விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். இந்த முறை நான் யோசித்துத்தான் எழுதினேன்.