மணக்காத புதினாவைப் பார்க்க ஒத்தக்கடை போனேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புதினா வயல் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மதுரை வெயில் நமக்குத்தான் ஆகாது, புதினாவுக்கு அது வேண்டும். போன வெள்ளிக்கிழமை ஆறே காலுக்குத் திருமங்கலத்தில் பஸ் ஏறினேன். டவுன் பஸ்ஸில் பெண்கள் நமக்கு டிக்கெட் இல்லை. மாட்டுத்தாவணியில் இறங்கி, சாமிக்கு மல்லிகை இரண்டு முழம் வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஒத்தக்கடை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எழுபது ரூபாய்.

"புதினாவுக்கா இம்புட்டுத் தூரம் வாரீக? மாட்டுத்தாவணியிலயே கட்டுக் கெடைக்குமே" என்றார் ஆட்டோக்கார அண்ணன்.

வயல் என் ஓரகத்தி ராசாத்தி அக்காவுடையது. இரண்டு பேரும் ஒரே வருஷம் ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தோம். கிணற்றடியில் பேருக்குக் கிடந்த புதினா, அக்கா தண்ணீர் ஊற்றத் தொடங்கிய சில மாதத்தில் தெருமுனை வரை மணந்தது. அவளுக்குக் கைராசி என்று மாமியார் ஊரெல்லாம் சொல்வார். எனக்கு உள்ளூரப் பொறாமைதான்.

அந்தக் கைக்கு இப்போது சோதனை. வாடிக்கையாக வாங்கும் பிரியாணிக் கடைக்காரர், இலை வெற்றிலை மாதிரி இருக்கிறது, வாசனையே இல்லை, இனிமேல் வேண்டாம் என்று கட்டைத் திருப்பிவிட்டாராம்.

போய்ப் பார்த்தேன். வெயில் தாக்காமலிருக்கப் புதிதாகக் கட்டிய பச்சை வலைக்குக் கீழே கண்ணுக்குக் குளிர்ச்சியாக அகல அகலமாக இலை. கசக்கினால் வெறும் புல் வாசம். வாரம் தவறாமல் இலைமேல் யூரியா கரைத்துத் தெளிக்கிறாளாம்.

"என் கைராசி போயிருச்சு போல புள்ள" என்றாள்.

ஓரத்தில் ஆடு வலையைக் கிழித்திருந்தது. அந்த இடத்துப் புதினா மட்டும் குட்டையாக, தண்டு சிவந்து நின்றது. கிள்ளியதும் கையெல்லாம் மணம்.

"கை நல்லாத்தேன் இருக்குக்கா. வலைதேன் வெயில மறைக்குது" என்றேன்.

வேளாண் அலுவலகத்துக்குப் போன் போட்டோம். வெயில் பட்டால்தான் இலையில் எண்ணெய் ஊறும், யூரியா மாதிரித் தழைச்சத்தை அடிக்கடி தெளித்தால் இலைதான் பெருக்கும், மணம் குறையும் என்றார்கள். அன்றே வலையைச் சுருட்டினோம். கிழிந்த பக்கத்துக் கட்டு ஒன்றை மோந்து பார்த்த கடைக்காரர் இரண்டு வாரம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மீனாட்சி பார்த்துக்கொள்வாள்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் தினம் நாலைந்து மணி நேரமாவது வெயிலில் வையுங்கள். இலைக்குச் சத்துத் தெளிப்பதானால் எப்போதாவது, மெலிதாகக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் விரலை மோந்துகொண்டே வந்தேன். அந்தக் கிணற்றடியும் எங்கள் இருபது வயதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தன.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. மருமகளாக வந்த அந்த வருஷம், ஆடிக்கு எங்கள் இரண்டு பேரையும் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது, கிணற்றடிப் புதினாவுக்கு நிழல் கொடுத்த வேப்பமரம் ஆடிக் காற்றில் சாய்ந்து கிடந்தது.