பாலத்தடி மடுவில் ஒரு கல்

ஆர்னி ஸ்கோக், லோவெலின் சாப்பாட்டுப் பையைக் குடைந்துகொண்டிருக்கிறார். பைக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயேதான் நிற்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாண்ட்விச்சைப் பிரித்து நடுவில் பார்த்தாயிற்று. ஃபிளாஸ்கை ஆட்டிப் பார்த்தாயிற்று. அடியில் கிடந்த காகிதப் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தவர், அதைத் தனியாக வண்டியின் மேல் வைக்கிறார்.

"இது என்ன?"

"கேக்குய்யா. என் பொண்டாட்டி பண்ணது."

"என்ன கேக்கு?"

லோவெல் ஆற்றைப் பார்க்கிறார். "வாழைப்பழம் போட்டது."

"நெனச்சேன்."

மீன் பிடிக்கப் போகிற இடத்துக்கு வாழைப்பழம் வந்தால் மீன் வராது என்று இந்த ஆற்றங்கரையில் எல்லோரும் பாதி விளையாட்டாக நம்புகிறார்கள். ஆர்னிக்கு அந்த விளையாட்டுப் பாதி கிடையாது. மாவோடு சேர்ந்து வெந்துபோன பழத்தை எப்படிப் பழம் என்று சொல்ல முடியும் என்று கூட வந்திருந்த நார்மா அவரோடு மல்லுக்கு நின்று பார்த்தாள். "வெந்தா என்ன, வேகலேன்னா என்ன, பேரு மாறிடுமா?" என்று ஆர்னி கேக்கைக் கொண்டுபோய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வந்தார். அண்டங்காக்கை ஒன்று அதைப் பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போனது. அதற்கு அன்று நல்ல நாள்.

ஆர்னி ஓய்வுபெற்றவர். அதற்கு முன்னால் ஓட்டுநர் உரிமத்துக்குப் பரீட்சை வைக்கும் அதிகாரி. இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேரை ஒரு தடவையாவது ஃபெயில் ஆக்கியிருக்கிறார். நார்மாவையும் ஆக்கினார், அவள் இப்போது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள், அவரை "ஆபீசர்" என்று கூப்பிட்டே பழி தீர்த்துக்கொள்கிறாள். மரலாரி ஓட்டிய லோவெலை அவர் ஃபெயில் ஆக்கவில்லை. ஆனால் "பாஸ் ஆனதே பெரிய விஷயம்" என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. "பதறினா ஃபெயில்" என்பது அவருடைய ஒரே தத்துவம். பிரேக்கை ஓங்கி மிதிப்பவனையும் சூப்பை அவசரமாகக் குடிப்பவனையும் அவர் ஒரே பார்வைதான் பார்ப்பார்.

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் மூவரும் இந்த ஆற்றில்தான். வாஷிங்டன் மாநிலத்தின் இந்த மேற்கு மூலையில் குளிர்காலம் என்றால் மழை. மழை சலித்தால் மழையோடு கொஞ்சம் பனி. மார்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, விரல் மரத்துப்போகும் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்று, கொக்கியில் இறகும் மயிரும் சுற்றிய பொய்ப்பூச்சியை எதிர்க்கரை நோக்கி வீசுவார்கள். அது நீரோட்டத்தில் வளைந்து இந்தக் கரைக்கு வரும். இரண்டு எட்டு கீழே இறங்குவார்கள், மறுபடி வீசுவார்கள். எதற்கு? கடலுக்குப் போய்க் கொழுத்துத் திரும்பி வருகிற ஸ்டீல்ஹெட் மீனுக்கு. அகப்பட்டால் என்ன செய்வார்கள்? தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமலே அப்படியே விட்டுவிடுவார்கள். அகப்படாவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, அருமையான நாள் என்பார்கள்.

எதிர்க்கரையில் மீன்முட்டையைக் கொக்கியில் கோத்து, மிதவை கட்டிப் பிடிப்பவர்கள் நிற்பார்கள். பண்ணையில் வளர்த்து விட்ட மீன்களை அவர்கள் பிடித்து வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். ஆர்னி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். "அது மீன் பிடிக்கறது இல்ல. மளிகை வாங்கறது" என்பார்.

அவருடைய சட்டங்களில் தலையானது ஒன்று உண்டு. சின்ன ட்ரவுட் மீன் பூச்சியைக் கவ்வினால் தூண்டில்கோலை உடனே வெடுக்கென்று தூக்க வேண்டும். ஸ்டீல்ஹெட் கவ்வினால் தூக்கவே கூடாது. "சும்மா இரு. அது கவ்விக்கிட்டுத் திரும்பும். திரும்பறப்போ கொக்கி தானா வாயோரத்துல ஏறும். நீ தூக்கினா, சோறு தின்னுக்கிட்டிருக்கிறவன் வாயிலேருந்து கரண்டியைப் பிடுங்கின மாதிரி வந்துடும்." புதிதாக வருகிறவர்களை, அவசரத்தில் இரண்டு கையாலும் தூக்கிவிடாதபடி இடதுகையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார். லோவெல் மூன்று தடவை தூக்கிவிட்டு மீனை விட்டிருக்கிறார். அந்த மூன்றையும் ஆர்னி ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லி முடித்துவிட்டார். ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையை வாழ்த்திப் பேச எழுந்தவர், அதைப் பற்றியும் பேசித்தான் உட்கார்ந்தார்.

இரண்டாவது சட்டம்: மீனின் நீளத்தைக் கைவிரித்துக் காட்டக் கூடாது. காட்டுகிறவன் பொய்யன். கதை சொல்லும்போது ஆர்னியின் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருக்கும். அதனால் அவர் சொன்ன மீன்களை எல்லோரும் நம்பினார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த மீன்களெல்லாம் பழைய மீன்கள். நாலு குளிர்காலமாக ஆர்னியின் பூச்சியை ஒரு ஸ்டீல்ஹெட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. வந்ததெல்லாம் ஒரு சாண் ட்ரவுட். அதை அவர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. இதற்கிடையில் தப்பும் தவறுமாக வீசுகிற நார்மாவுக்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு மாட்டிக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆர்னி மார்க் குறைத்தார்.

போன இலையுதிர் காலத்தில், ஹேசலின் காப்பிக்கடையில், லோவெல் ஒரு துண்டு ஆப்பிள் பலகாரத்தை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன்யா, உனக்கு மட்டும் மீனுங்க லீவு போட்டுடுச்சா?"

ஆர்னி முள்கரண்டியைக் கீழே வைத்தார். "இந்தப் பருவம் முடியறதுக்குள்ள ஒரு ஸ்டீல்ஹெட் என் பூச்சியைத் தொடலேன்னா, என் கோலை உன்கிட்ட குடுத்துடறேன். அப்புறம் ஆத்துல கால் வைக்க மாட்டேன்."

"பிடிக்கலேன்னாவா?"

"தொடலேன்னா. தொட்டாப் போதும்."

சட்டம் போட்டே பழகிய மனுஷன் அல்லவா, சபதத்திலும் ஓட்டை வைத்துத்தான் போட்டார். ஹேசல் காப்பி ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊருக்குத் தெரிந்த பிறகு வார்த்தையைத் திரும்ப வாங்கும் ஜாதியில்லை ஆர்னி.

இதில் அதிகம் பயந்தது அவர் மனைவி ரூத். ஆறு வெள்ளமாக ஓடிய ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் இருந்துவிட்டார். துணி துவைக்கும் இயந்திரத்தில் ரூத் சோப்புத்தூள் போடும் முறையில் ஐந்து பிழை கண்டுபிடித்தார். அன்றைக்கே ரூத் நார்மாவுக்குப் போன் போட்டாள். "எந்தக் கடவுளையாவது கும்பிட்டு ஒரு மீனை அவர் கொக்கியில மாட்டி விடும்மா. வருஷம் பூரா இவரை வீட்ல வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

மேலே சொன்ன கேக் பிடிபட்டது பருவத்தின் கடைசி சனிக்கிழமை. அதுவரைக்கும் ஒன்றும் தொடவில்லை.

அன்று பாலத்தடி மடுவில் ஆர்னியை முதலில் இறங்கச் சொன்னார்கள். முதலில் இறங்குகிறவருக்குத்தான் யாரும் கலைக்காத தண்ணீர். அவர் இரண்டு எட்டு இறங்க இறங்க, அடுத்தவர் பின்னாலேயே வரலாம், முந்தக் கூடாது. "எனக்கு யாரும் சலுகை காட்ட வேணாம்" என்றார் ஆர்னி, ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் நின்றபடி. அவருக்குப் பின்னால் நார்மா. அவளுக்குப் பின்னால் லோவெல், ஒட்டுப்பட்டை சுற்றிய கோலோடு.

ஆர்னி வீசுவதைப் பார்க்க வேண்டும், அதைச் சொல்லாவிட்டால் பாவம். வாய் இல்லாவிட்டால் அந்த மனுஷனைக் கும்பிடலாம். கயிறு சத்தமில்லாமல் நீண்டு போய், எங்கே நினைத்தாரோ அங்கே இறங்கும். மழை தொப்பி விளிம்பில் சொட்டும், ஆர்னி முணுமுணுக்காமல் நிற்பார். வாரத்தில் அவர் யாரையும் திருத்தாமல் இருக்கும் நேரம் அது ஒன்றுதான். அந்த ஆற்றின் மேல் அவருக்குப் பிரியம். ரூத்துக்கே இவ்வளவு நேரம் அவர் வாய்பேசாமல் மரியாதை கொடுத்ததில்லை.

மடுவின் பாதியில், பெரிய பாறைக்குக் கீழே பூச்சி வளைந்து வரும்போது, கயிறு நின்றது.

ஆர்னி தூக்கிவிட்டார்.

வெடுக்கென்று, இரண்டு கையாலும், தலைக்கு மேலே. நாலு வருஷமாகச் சாண் ட்ரவுட்டுக்குப் பழகிய கை. அவர் யோசிப்பதற்குள் அது வேலையை முடித்துவிட்டது. தண்ணீருக்கு மேல் ஒரு முதுகு புரண்டது. பக்கவாட்டில் ரோஜாநிறக் கோடு, கை அகல வால். பூச்சி காற்றில் பறந்து வந்து அவர் தொப்பியில் ஒட்டிக்கொண்டது.

நார்மா வீசப் போன கோலைத் தாழ்த்தினாள்.

எதிர்க்கரையில் முட்டை கோத்துக்கொண்டிருந்த ஆள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினான்: "யோவ் பெருசு, தூக்கிட்டியேய்யா!"

ஆர்னி ஆற்றின் இரைச்சலில் காது கேட்காதவர் போலத் தொப்பியிலிருந்து பூச்சியைப் பிடுங்கினார். பிறகு மெதுவாக நார்மா பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"கல்லு" என்றார்.

"கல்லா?"

"அடியில ஒரு கல்லு இருக்கு. மாட்டிக்கிச்சு."

"அது மேல வந்து புரண்டுச்சே ஆபீசர்."

"வெளிச்சம் அப்படித் தெரியும்."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. எந்த வெளிச்சம் என்று நார்மா கேட்கவில்லை. மீன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொட்டது தொட்டதுதான், சபதத்தில் ஜெயித்துவிடலாம். கோலும் ஆறும் அவரிடமே இருக்கும். ஆனால் மீன் என்றால், எங்கே அந்த மீன், ஏன் போயிற்று என்று அடுத்த கேள்வி வரும். முப்பது வருஷமாக ஊர் முழுக்க ஃபெயில் போட்டவர் அந்த ஒரு பதிலுக்குத் தயாராக இல்லை. மடுவின் மிச்சத்தையும் முறைப்படி, இரண்டு இரண்டு எட்டாக, வீசி முடித்தார். ஒன்றும் வரவில்லை.

லோவெல் வண்டியின் பின்கதவை இறக்கி வைக்க, மூவரும் சூப் குடித்தார்கள். ஆர்னி தம்முடையதை நிதானமாகக் குடித்தார். குடித்துவிட்டுக் கோலைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்து, துணியுறையில் போட்டு முடிச்சிட்டு, லோவெலிடம் நீட்டினார்.

லோவெல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "யோவ், உண்மையைச் சொல்லிடறேன். என் கோட்டுல இன்னொரு வாழைப்பழம் இருந்துச்சு. நீ பார்க்கல. அதனால இன்னிக்கு ஆட்டம் செல்லாது."

"எங்க, காட்டு."

"தின்னுட்டேன்."

"தோலு?"

லோவெலுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. "நல்லா இருக்குய்யா உன் நியாயம்" என்று முனகினார்.

"ஆபீசர்," என்றாள் நார்மா, "கல்லு கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்துச்சா உங்களுக்கு? சும்மா கேக்கறேன்."

"கல்லு எப்படிம்மா நகரும்?"

"ஆத்துல நகரும். வெள்ளத்துல நகரும்."

"இது நகரல."

"சரி. ரூத்துகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்ல."

ஆர்னி நீட்டிய கை நீட்டியபடி இருந்தது, மழை துணியுறையை நனைத்தது. லோவெல் கடைசியில் கோலை வாங்கிக்கொண்டார். ஆர்னி கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பாலத்தைப் பார்த்தார்.

லோவெல் தொண்டையைச் செருமினார். சீண்டும் குரலில்லை, மரலாரி ஓட்டுகிறவர்கள் வழியில் கிடந்த பாறையைப் பற்றி விசாரிக்கிற குரல்.

"ஆர்னி, அந்தக் கல்லு எவ்ளோ பெருசு இருக்கும்?"

ஆர்னி அவரைப் பார்த்தார். நார்மாவைப் பார்த்தார். ஆற்றின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கைகள் இரண்டும் பைகளைவிட்டு வெளியே வந்தன. நெஞ்சுக்கு நேரே எதிரெதிராக நின்றன. மெல்ல விலகின, போதாமல் இன்னும் விலகின, வலதுகை வண்டியின் பக்கத்தில் இடித்தபோது, இடதுகை மட்டும் இன்னும் ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

விரிந்தபடியே நின்ற அந்தக் கைகளின் மேல் லோவெல் அவர் கோலைத் திரும்பக் குறுக்காக வைத்தார்.