காலில் சுற்றிய கம்பளியும் நான் கத்திய ஜெபமும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ஒரு தடவை நான் தலைகீழாகச் செத்துப்போகப் பார்த்தேன். நாற்பது அடித் தண்ணீருக்குள், கால் மேலே, தலை கீழே. அதிலிருந்து ஆண்டவர் என்னை எப்படி வெளியே எடுத்தார் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

எழுபதுகளின் கடைசி. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். எந்த மெஷினையும் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஜெபத்தைத்தான் அப்படிக் கழற்றிப் பார்க்க முடியவில்லை. வியாழக்கிழமை தோறும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். என் முறை வந்தால் "ஆமென்" என்று ஒரே வார்த்தையில் முடித்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன். என் மனைவி ராகேலுக்கு மானம் போகும்.

"ஏங்க, வாயத் தொறந்து கூப்பிட்டா என்னங்க?"

"மனசுல நெனச்சா அவருக்குக் கேக்காதா?"

"கேக்கும். ஆனா ஒங்க வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

அந்த மாசி மாதம் தோட்டத்து அணையின் அடி மதகுக் கதவு பாதி திறந்தபடி சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்யக் கொழும்பிலிருந்து ஜயசேன ஐயா வந்தார், சிங்களத்தில் மாத்தையா என்போம். முன்பு கடற்படையில் முக்குளிப்பவராக இருந்தவர். அவருடைய கூட்டாளி காய்ச்சலில் விழுந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்தக் கதவைப் பொருத்தியதே நான்தான், குளத்தில் நன்றாக நீந்தவும் செய்வேன். "நான் எறங்குறேன் மாத்தையா" என்று நானேதான் வாய் கொடுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், தோட்டத்தின் மேலிருந்த அக்கறையால் அல்ல. அவர் கொண்டுவந்த அந்த உடுப்பை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையால்.

அது கழுத்து, மணிக்கட்டு எங்குமே தண்ணீர் புகாத ரப்பர் உடுப்பு. உள்ளே காற்று நிற்கும். ஆழம் போகப் போகத் தண்ணீர் அந்தக் காற்றை நசுக்கும். உடுப்பு உடம்பைக் கவ்வும், நாம் கனத்துப்போவோம். அப்போது நெஞ்சிலுள்ள பொத்தானை அழுத்தி முதுகுச் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் காற்று விட வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரியும், அதைக் கைப்பக்கத்து வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். மிதப்புக்கு ஈடாக இடுப்பில் ஈயக்கட்டிகள். கடலில் கட்டுகிற ஈயம் நல்ல தண்ணீருக்கு வேண்டியதில்லை, குறைத்துக் கட்ட வேண்டும். ஏன் என்று கேட்டுக் கேட்டு அவரை ஒரு வழி பண்ணிவிட்டேன். நான்கு நாள் கரையோரத்தில் பழக்கினார். முதல் நாளே சொன்னார்: "சாமுவேல், கீழ மூச்சுப் பிடிக்க வேணாம். ஒருநாளும் பிடிக்க வேணாம்."

ஐந்தாம் நாள் ஆழத்துக்கு இறங்க வேண்டும். எங்கள் மலைத் தண்ணீரின் குளிர் உங்களுக்குத் தெரியும். மாத்தையா மெல்லிய உள்ளுடுப்பு மட்டும் போதும் என்றார். தோட்டத்தில் பிறந்தவன் கேட்பானா? மழைக்கும் குளிருக்கும் நமக்குக் கம்பளிதானே. பழைய கம்பளியைக் கிழித்து இரண்டு காலிலும் முழங்கால் வரை தடிப்பாகச் சுற்றி, அவருக்குத் தெரியாமல் உடுப்புக்குள் நுழைத்துக்கொண்டேன்.

தண்ணீரில் இறங்கினால் தக்கை மாதிரி மிதக்கிறேன். "என்ன இது, நேத்து சரியா இருந்ததே" என்று மாத்தையா தலையைச் சொறிந்தார். இன்னும் இரண்டு ஈயக்கட்டி சேர்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

கீழே போகப் போகக் கம்பளிக்குள் இருந்த காற்றெல்லாம் நசுங்கிவிட்டது. ஆனால் அதற்காகக் கட்டிய ஈயம் அப்படியே இருந்தது. கல்லாக அடிச்சேற்றில் போய் விழுந்தேன். கலங்கலில் எதுவும் தெரியவில்லை. கூடவே இறங்கிய மாத்தையாவையும் காணோம். பதறிப்போய் பொத்தானை அழுத்தினேன், விடாமல் அழுத்தினேன். அப்போது மதகுக் கம்பியைப் பிடித்துக் குனிந்திருந்தேன். உடுப்புக்குள் போன காற்று மேலே இருக்கும் இடத்தைத்தானே தேடும்? மொத்தமும் காலுக்கு ஓடிவிட்டது. கால் மேலே போனது, நான் தலைகீழாகத் தொங்கினேன். கை வால்வு இப்போது காற்றுக்குக் கீழே. அதைத் திறந்து என்ன பிரயோசனம்? பிடி நழுவியது. மேலே ஏற ஏறக் காற்று விரிந்தது, விரிய விரிய வேகம் கூடியது.

பயம் வந்தால் பல்லைக் கடித்து மூச்சை அடக்குவது என் பிறவிக் குணம். அன்றும் அடக்கினேன். அந்த நேரத்தில் ராகேலின் வயிறு என் கண்முன் வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று நினைத்தேன். என்னையறியாமல் "இயேசுவே!" என்று கத்தினேன். சிலிண்டரிலிருந்து வாய்க்கு வரும் மூச்சுக்குழாயைக் கடித்தபடியே, மேலே வந்து சேரும்வரை, இயேசுவே, இயேசுவே என்று ஒரே கத்தல்.

என் இரண்டு கால்தான் முதலில் வெளியே வந்ததாம். படகிலிருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். பின்னாலேயே வந்த மாத்தையா உடுப்பைக் கழற்றினார். கம்பளித் துண்டுகள் வந்து விழுந்தன. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"ஒன்னச் சுத்தி ஒரே குமிழி வந்துகிட்டே இருந்திச்சே. என்ன செஞ்ச?"

"கத்துனேங்க. ஆண்டவரக் கூப்பிட்டேன்."

"வாயால கூப்பிட்டியா, மனசுக்குள்ளயா?"

"வாயாலதாங்க."

மாத்தையா கம்பளித் துண்டுகளை எடுத்து ஓரமாக வைத்தார். "மூச்சு அடக்கினா, உடுப்புக்குள்ள காத்து விரிஞ்ச மாதிரி நெஞ்சுக்குள்ளயும் விரிஞ்சு கிழிச்சிரும். கத்துனதால வெளிய போச்சு. நான் புத்த சமயம் சாமுவேல். ஆனா நீ கூப்பிட்டது நல்ல ஆள்."

நான் படகிலேயே அழுதேன். உதவி மேலிருந்து எப்போது வரும் என்றுதானே எல்லோரும் காத்திருக்கிறோம்? எனக்கு அது நான் கூப்பிட்ட கூப்பாட்டுக்குள்ளேயே இருந்தது.

மூன்று நாள் ஓய்வெடுத்து, கம்பளி இல்லாமல் மறுபடி இறங்கினேன். இந்தத் தடவை ஈயத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்றும் கேட்டு வைத்தேன். காற்றுக்கும் எடை உண்டாம். சிலிண்டர் காலியாகக் காலியாக நாம் இலேசாகிவிடுவோமாம். அதனால் வேலை முடிந்து, காற்று தீரும் தறுவாயில், கரையோரம் அசையாமல் நிற்க எவ்வளவு ஈயம் வேண்டுமோ அவ்வளவுதான் கட்ட வேண்டும். ஒரு கட்டிகூட அதிகம் வேண்டாம். கதவைத் திருத்திவிட்டு வந்தோம்.

அந்த வியாழக்கிழமை என் முறை வந்தது. வழக்கம்போல ஆமெனுக்குக் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் ராகேல் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "போதுங்க, மத்தவங்களுக்கும் கொஞ்சம் விடுங்க."

அன்றைக்கு அவள் வயிற்றில் இருந்த பிள்ளைதான் இதோ முன்வரிசையில் உட்கார்ந்து, அப்பா இந்தக் கதையை எத்தனை தடவைதான் சொல்வாரோ என்று சிரிக்கிறாள்.

பிரியமானவர்களே, பாரத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு யாராவது இங்கே உட்கார்ந்திருக்கலாம். அவருக்குக் கேட்காது என்பதற்காக அல்ல, உங்கள் நெஞ்சு கிழியாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன். அடக்காதீர்கள். இப்போதே வாயைத் திறந்து கூப்பிடுங்கள்.