ஐம்பத்துமூன்று ஓம்

வெள்ளவத்தையில் நாங்கள் இரண்டாம் மாடியில் குடியிருந்தபோது கீழ்த்தளத்து அனெக்ஸுக்கு ஒரு பெண் வாடகைக்கு வந்தாள். கணவன் டோஹாவில் வேலை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். என்னை அக்கா என்றும் என் கணவரை அண்ணை என்றும் கூப்பிட்டாள். வந்த சில நாளிலேயே காலை வேளைகளில் அவள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்ட் நிற்கத் தொடங்கியது.

என் கணவர் ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியசாலையின் குளிர் அறைகளைப் பராமரிப்பவர். கரண்ட் வேலை தெரிந்தவர் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. படிக்கட்டில் நின்று "அண்ணை, ஒருக்கா வாறீங்களோ" என்பாள். இவரும் இறங்கிப் போவார். முதலில் சாரத்தோடு போனவர், பிறகு சேர்ட் போட்டுக்கொண்டு போனார். ஒருநாள் கண்ணாடி முன் நின்று தலை சீவினார். நான் தேத்தண்ணி ஊற்றியபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவளிடம் என்னதான் பழுது என்று கேட்டேன். உடுப்பு அழுத்துகிற அயனில் பழுது, அதைப் போட்டால் ட்ரிப் விழுகுது என்றார். அப்படியானால் மேலே கொண்டுவந்து திருத்துங்கள், ஏன் அங்கேயே இருந்து மினக்கெடுகிறீர்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைத்தார். வைத்ததோடு சரி, தொடவில்லை. ஆனால் கீழே போவது நிற்கவுமில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு நான் அந்த அயனை இறக்கினேன். உயர்தரத்தில் கணிதம் படித்தவள் நான். இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு கிளியரிங் கந்தோரில் சரக்குக் கணக்குப் பார்த்தாலும் பௌதிகம் முழுவதும் மறந்துபோகவில்லை. அவருடைய மீற்றரை எடுத்து, அயனின் குமிழை முழுதாகத் திருப்பி, பிளக்கின் இரண்டு முனைகளிலும் பிடித்தேன். ஐம்பத்துமூன்று ஓம் தடை காட்டியது. வீட்டுக்கு வருவது இருநூற்றுமுப்பது வோல்ற்று. அதைத் தடையால் வகுத்தால் நாலேகால் அம்பியர் சொச்சம். வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் ஆயிரம் வாற்று. அயனின் அடியில் பொறித்திருந்ததும் ஆயிரம் வாற்றுத்தான். உள்ளே கம்பி ஏதும் அயனின் உடம்போடு முட்டுகிறதோ என்றும் பார்த்தேன். இல்லை. அயனில் ஒரு பழுதும் இல்லை.

அவள் வீட்டு சுவிட்ச் பதினாறு அம்பியர் தாங்கும். இந்த அயனோடு ஒரு சின்ன ரைஸ் குக்கரைச் சேர்த்தாலும் அதில் பாதி வராது. பிறகு எப்படி விழும்? விழாத சுவிட்சுக்காகத்தான் இவர் தலை சீவிக்கொண்டு போகிறாரா? அயனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அன்று பகல் முழுவதும் சாப்பிடாமல் இருந்தேன். அவளுடைய நீண்ட பின்னல், அவள் "அண்ணை" என்பதை இழுக்கிற இழுவை, எல்லாம் நெஞ்சுக்குள் எரிந்தது.

அடுத்த கிழமை ஒரு காலை அவள் மீண்டும் வந்தாள். இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் வருகிறேன் என்று இறங்கிப் போனேன். அவள் முகம் மாறியது. குசினி வாசலில் ஒரு திரை தொங்கியது. அதை விலக்கினேன்.

இரட்டை ஹொட்பிளேட்டில் பருப்பும் கோழிக்கறியும். பக்கத்தில் பெரிய ரைஸ் குக்கர். மேசை நிறையச் சோறு கட்டுகிற லஞ்ச் ஷீட்.

"அக்கா, வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரிஞ்சால் எழுப்பிப்போடுவார். சமைச்சு விக்கக் கூடாதெண்டு சொல்லித்தான் தந்தவர்" என்றாள். கந்தோர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறாளாம்.

நான் குனிந்து வாற்று பொறித்த தகடுகளைப் பார்த்தேன். ஹொட்பிளேட் இரண்டாயிரம், குக்கர் ஆயிரத்தைந்நூறு. தன்னுடையது எங்கள் அலுமாரிக்கு மேல் கிடந்ததால் மகளின் யூனிபோமுக்கு இரவல் வாங்கிய அயன் ஆயிரம். நாலாயிரத்தைந்நூறு வாற்றை இருநூற்றுமுப்பதால் வகுத்தால் இருபது அம்பியருக்குக் கிட்ட வரும். சுவிட்ச் விழாமல் என்ன செய்யும்? அயன் வேலையைப் பின்னேரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அண்ணையும் அதைத்தான் சொன்னவர். காலமை அவசரத்திலை மறந்துபோறன்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் பழுது என்று ஒரு பொய்.

மேலே வந்து கேட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவ ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு கேட்டவ."

"அந்த ஒருத்தரிலை நானும் ஒராளோ?"

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "உமக்குச் சொல்லியிருக்கலாம்தான்" என்று மெல்லச் சொன்னார். தலை சீவியதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எந்த நாள் என்றுகூட அவருக்கு நினைவிருந்திராது.

அதன் பிறகு ட்ரிப் விழுந்தால் நானே இறங்கிப் போனேன். அவளுடைய பார்சல்களில் சிலதை என் கந்தோருக்கும் எடுத்துக்கொண்டு போனேன். நல்ல கைப்பக்குவம். இவர் ஒருநாள் அந்தப் பருப்பைப் புகழ்ந்தபோது, இனி வீட்டில் பருப்பே வைப்பதில்லை என்று எனக்குள் முடிவெடுத்தேன். இரண்டு வாரம் வைக்கவுமில்லை.

பிறகு அவள் தெஹிவளையில் ஒழுங்கான குசினியுள்ள வீடு ஒன்று எடுத்துப் போய்விட்டாள். இப்போதும் எனக்கு ஃபோன் பண்ணுவாள். மகளைப் பற்றி, ஓடர்களைப் பற்றி நிறையக் கதைப்பாள். வைக்கும்போது "அண்ணை சுகமோ" என்று கேட்பாள். இவர் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். ஓம், நல்ல சுகம் என்று நானே சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவேன்.