கொட்டாங்குச்சியில் ஒரு பம்பரக்கள்ளி

ஆறு வருடமாக நான் வளர்த்த பன்னிரண்டு கள்ளிச் செடிகளையும் மொத்தமாக அள்ளி வைத்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டில் அடங்கிவிடும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. கள்ளி என்றதும் ஆளுயரத்துக்கு முள்ளோடு நிற்கிற ஒன்றை நினைத்துக்கொண்டு மாடியேறி வருகிறார்கள். சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்கிறார்கள். என் மனைவியின் தம்பி ஒருமுறை, "செடி எங்க அத்தான்?" என்று கேட்டபடியே செடியின் மேல் டீ டம்ளரை வைத்தான்.

அதன் முறையான பெயர் டர்பினிகார்பஸ். வடகிழக்கு மெக்சிகோவின் சுண்ணாம்புக்கல் சரிவுகளில் கல்லோடு கல்லாகக் கிடக்கும் குள்ளக் கள்ளி வகை. காய் பம்பர வடிவில் இருப்பதால் அந்தப் பெயராம். நான் பம்பரக்கள்ளி என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் பல இனங்கள். வால்டெசியானஸ் என்பதற்கு முள்ளே கிடையாது, கோழிக்குஞ்சின் பூஞ்சிறகுபோல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். சூடோபெக்டினாட்டஸின் முட்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும், தடவினால் குத்தாது. ஷ்மீடிக்கியானஸ் என்று ஒன்று, அதன் முட்கள் காய்ந்த காகிதம்போலச் சுருண்டு உச்சியில் பின்னிக்கிடக்கும். அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. என் மனைவி இன்றுவரை "அந்தச் சண்டிக்குதிரை" என்றுதான் சொல்கிறாள்.

மெக்சிகோவில் ஆட்கள் மலையேறி இவற்றைப் பிடுங்கி மூட்டை கட்டி விற்றதில் சில இனங்கள் அருகிப் போய்விட்டன என்று படித்திருந்தேன். அதனால் பெங்களூரில் செடி வளர்க்கிற ஒருவரிடம் தபாலில் விதை வாங்கி, தூசி அளவு விதையிலிருந்து நானே முளைக்க வைத்தேன். திருட்டுச் செடி என் மாடியில் இருக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தேன். எங்கள் ஹவுஸ் ஓனர் அக்காவைப் பற்றி அப்போது எனக்கு முழுதாகத் தெரியாது.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் தரச்சோதனை பார்க்கிறேன். வரும் உருப்படியை வெர்னியர் அளவுகோலில் அளந்து, செல்லும், செல்லாது என்று பிரித்துப் போடுவது வேலை. இருபது வருடம் இதையே செய்தால் வீட்டிலும் அந்தப் புத்தி வந்துவிடும். இட்லி ஒரே அளவில் இல்லை என்று நான் சொன்னதாக ஒரு குற்றச்சாட்டு உண்டு, அது உண்மைதான். மாதத்தின் முதல் ஞாயிறு பழைய வெர்னியரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், பன்னிரண்டு செடிகளையும் அளந்து நோட்டில் எழுதுவேன். ஒரு வருடத்தில் மூன்று மில்லிமீட்டர் வளர்ந்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம் கேட்பேன்.

பதினொன்று மூன்றாம் வருடத்திலிருந்தே பூத்தன. பூக்காமல் வீம்பு பிடித்தது ஒன்றே ஒன்று, அலோன்சாய். சாம்பல் நிறம், தட்டையான உடம்பு, முக்கோணம் முக்கோணமாகத் தடித்த தசை. கோடையில் அது சுருங்கி, கூழாங்கல் மட்டத்துக்கும் கீழே இறங்கிவிடும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூ வந்தால் ஆழ்ந்த ரோஜா நிறத்தில், செடியையே மூடிவிடும் அகலத்தில் வருமாம். ஆறு வருடமாக அந்தப் பூவைக் கைப்பேசிப் படத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. போன மே மாதம் அதன் உச்சியில் வெள்ளைப் பஞ்சு கூடுதலாகத் திரண்டிருந்ததைப் பார்த்தேன். பூக்கப் போவதற்கு அதுதான் அடையாளம்.

அதே வாரம், டீ டம்ளர் மைத்துனனுக்குக் கல்யாணம். கோவில்பட்டியில் பத்து நாள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்பத்தூரில் நாங்கள் குடியிருக்கும் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நெல் வயல். இப்போது மிச்சம் கீழ்வீடும், மேலே எங்கள் போர்ஷனும், அதன் பின்னால் உள்ள திறந்த மாடியும்தான். வயல் போனாலும் கை சும்மா இருக்கவில்லை. காம்பவுண்டுக்குள் கறிவேப்பிலை, கனகாம்பரம், செம்பருத்தி, குரோட்டன்ஸ் என்று நெருக்கியடித்து நிற்கும். அத்தனையும் திருடியவை. ஒளிவுமறைவு கிடையாது, அவரே பெருமையாகச் சொல்வார். "இது மாங்காட்டுல ஒரு கல்யாண மண்டபத்துல கிள்னது. இது பாடியில ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல. கேட்டு வாங்கன செடி வளராது தம்பி. அட்ச்சிகினு வந்து வெச்சாத்தான் தழையும்." இந்த நம்பிக்கை எங்கள் ஊரிலும் உண்டு, மணி பிளாண்ட் அளவில். அக்கா அதை ஒரு வாழ்க்கைமுறையாக ஆக்கியிருந்தார். கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் கைப்பையில் மொய்க்கவரோடு ஒரு பாதி பிளேடும் இருக்கும்.

என் செடிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். "இன்னா தம்பி இது, பச்சப் புள்ளைங்கள பட்னி போட்டுக்கினு கீற? ஒரு சொம்பு தண்ணி ஊத்தனா இன்னா?" வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும், காய்ந்து கிடப்பதுதான் அதற்கு ஓய்வு என்று பலமுறை விளக்கியிருக்கிறேன். தலையாட்டுவார். நம்பினாரா என்றால் இல்லை.

கிளம்பும் நாள் காலை பெட்டியோடு இறங்கும்போது அக்கா வாசலில் நின்றார். "செடிங்கள நான் பாத்துக்கறேன் தம்பி, நீ நிம்மதியா போய்ட்டு வா."

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். "அக்கா, தொடாதீர்கள். தண்ணீர் பட்டால் செத்துவிடும்" என்று சொல்லியிருக்க வேண்டும். பட்டறையில் எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே "செல்லாது" என்று சொல்கிற வாய் இது. ஆனால் வீட்டுக்காரம்மா, வயதில் மூத்தவர், ஆசையாகக் கேட்கிறார். வாயில் வந்தது இதுதான்: "ஐயோ, ஒண்ணும் வேண்டாம்க்கா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

ஆட்டோவில் ஏறியதும் மனைவி கேட்டாள். "ஏங்க, நம்ம வீட்டுக்கு வர்றவங்க காப்பி வேண்டாம், உங்களுக்கு எதுக்கு சிரமம்னு சொன்னா நான் என்ன செய்வேன்?"

"காப்பி போடுவ."

"அதான்."

அவள் சொன்னது எனக்கு விழுப்புரம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. உடனே போன் போட்டேன். அக்கா எடுத்து, "எல்லாம் நல்லா கீது, நீ கல்யாணத்த பாரு" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பத்து நாளும் பந்தியில் ரசம் ஊற்றுகிறவரைப் பார்த்தால்கூட எனக்குப் பதறியது.

திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். பதினோரு தொட்டியிலும் கூழாங்கற்கள் பளபளவென்று ஈரமாக இருந்தன. புளித்த வாடை அடித்தது. அரிசி கழுவிய தண்ணீர், வேளைக்கு ஒரு சொம்பு, நடுவில் இரண்டு நாள் மோரும் கலந்து ஊற்றியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. சண்டிக்குதிரையை விரலால் தொட்டேன், வேகவைத்த கத்திரிக்காய்போல உள்ளே போயிற்று. சிறகு முளைத்தது, சீப்பு முளைத்தது, எல்லாம் கூழ். பன்னிரண்டாவது தொட்டியில் செடியே இல்லை. அலோன்சாய் இருந்த இடத்தில் ஒரு குழி.

அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் நின்றார். "அது அழுகிட்ச்சி தம்பி. நான்தான் எட்த்து தூக்கிப் போட்டுட்டேன்." என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரைத் திட்டுவது? அவர் பத்து நாள் முட்டிவலியோடு படியேறி, சொந்தப் பிள்ளைக்குச் செய்வதுபோலச் செய்திருக்கிறார். வேண்டாம் என்று நான் சொன்ன விதம் அப்படி. "பரவாயில்லக்கா" என்றேன். மறுபடியும் அதே மரியாதை. குளியலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பத்தாறு வயது ஆள், பொத்தான் அளவுக் கள்ளிக்காக அழுதேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமில்லை. வெர்னியரைத் துடைத்துப் பீரோவில் வைத்தேன்.

ஒரு மாதம் மாடிப் பக்கமே போகவில்லை. துணி காயப்போட, எடுக்க எல்லாம் மனைவிதான். அக்காவிடம் தலையசைப்போடு சரி. அவர்தான் என்னைக் காணும்போதெல்லாம் வலிய வந்து பேசுவார். "மாடிக்கு போவலியா தம்பி? காத்து நல்லா வருதே." மறுநாள்: "மாடில சுவரோரமா இன்னாவோ சத்தம் கேக்குது, எலியான்னு கொஞ்சம் எட்டிப் பாரேன்." செடிகளைக் கொன்றுவிட்டு இப்போது எலி பிடிக்கவும் அனுப்புகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகவில்லை.

ஜூலையில் மூன்று நாள் சாயங்கால மழை. அடுத்து வந்த ஞாயிறு மதியம், காலித் தொட்டிகளையாவது ஒழிப்போம் என்று மாடிக்குப் போனேன். பழைய மண்ணை அக்காவின் குரோட்டன்ஸ் மேல் கொட்டலாம் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டு ஜன்னலின் சன்ஷேடு மேல் ஒரு கொட்டாங்குச்சி இருந்தது. அதில் ஆழ்ந்த ரோஜா நிறத்தில் ஒரு பூ.

செடி தெரியவில்லை. பூ மட்டும்தான் தெரிந்தது. இதன் முன்னால் படத்தில் பார்த்த நிறம் ஒன்றுமே இல்லை. மண்ணோடு தொட்டியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு முதலில் சிரித்தாள். "அழுகிடுச்சுன்னு சொன்னாங்களே! சுட்டுட்டாங்க. போய்க் கேளுங்க."

"எப்படிக் கேட்கிறது? திருடினீங்களான்னா?"

"அப்ப நீங்களும் திருடுங்க. அவங்க வழியில அதுதான் மரியாதை."

மாப்புக் குச்சியின் நுனியில் அப்பளம் பொரிக்கும் ஜல்லிக் கரண்டியைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். வயிறு சுவரில் அழுந்தத் தொங்கியபடி, கொட்டாங்குச்சிக்கு அடியில் கரண்டியை நுழைக்கப் பார்த்தேன். பாதி நுழைந்த நேரத்தில் கீழே கதவு திறந்தது. அக்கா வடகத் தட்டோடு வெளியே வந்து, அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, மீன் புடிக்கிறியா?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

அக்கா தட்டைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "பூத்துக்கீது பாத்தியா?"

"பார்த்தேன்க்கா."

"நீ ஊருக்குப் போன அன்னிக்கே அத்த மட்டும் அட்ச்சிட்டேன். இப்ப பொய் சொல்லல, கை சும்மா இல்ல. மத்ததுக்கெல்லாம் உனுக்காவ ஊத்துனேன், எல்லாம் கொழகொழன்னு பூட்ச்சி. நாலு நாளு எனுக்கு சோறே எறங்கல தம்பி. அப்பால என் கை மேலயே எனுக்கு பயம். அதான் தண்ணி ஊத்த எட்டாத எடமா பாத்து அங்க ஏத்தி வெச்சேன்."

"அப்ப வந்த அன்னைக்கே குடுத்திருக்கலாமேக்கா?"

"குட்த்தா செத்துடும்டா!" என்று சத்தம் போட்டார். என்னை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. "மிச்சம் கீறதே அது ஒண்ணுதான். அத்தயும் கையால குட்த்து சாவடிக்க சொல்றியா? நீயா எடுத்தாத்தான் பொழைக்கும். உன் கண்ணுல படற எடமா பாத்துத்தானே வெச்சேன். மாடிக்கு போ, மாடிக்கு போன்னு ஒரு மாசமா கத்திக்கினு கீறேன், நீ எட்டியே பாக்கல."

எலி, காற்று, சத்தம் எல்லாம் இதற்குத்தானா? அவர்மேல் ஒரு மாதம் வைத்திருந்த கோபம் அப்படியே என்மேல் திரும்பியது, கூடவே இந்த அக்காவின் மேல் ஒரு பிரியமும் வந்தது.

அக்கா வடகத் தட்டை எடுத்துக்கொண்டார். "நான் உள்ள போறேன். சுருக்கா திருடு." போய்க் கதவைச் சாத்தி, எனக்குக் கேட்கட்டும் என்று தாழ்ப்பாளையும் ஓங்கிப் போட்டார்.

கொட்டாங்குச்சியை மெல்ல மேலே இழுத்தேன். பூ கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் ஆறு வருடத்து மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, குனிந்து ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். "அக்கா! இதுக்கு மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துனீங்கன்னா நான் சண்டைக்கு வருவேன்!"

ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது. "திருடன் பேசக் கூடாது. எட்த்துக்கினு ஓடு."