டிக்கெட்காரர் கற்றுக்கொடுத்த நீச்சல்

அப்பா இருபது வருஷம் நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழித்தவர். கோடை விடுமுறை வந்தால், மாலையில் கூட்டம் கலைந்தபின் கடைசி அரைமணி நேரம் மகள்கள் இருவருக்கும் நீச்சல் சொல்லிக்கொடுப்பார். மார்பளவு தண்ணீரில் நின்று, வயிற்றுக்கடியில் கை கொடுத்து, "அப்பா பிடிச்சிருக்கேன், காலை அடி" என்பார். கை எப்போதோ விலகியிருக்கும்.

அவர் போய்ப் பத்து நாள் கழித்துத் துக்கம் கேட்க வந்த குளத்துப் பம்ப்காரர், "உங்கப்பாவுக்கு நீச்சலே தெரியாதும்மா. ஆழத்துப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டாரு" என்றார்.

மூத்த மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியானால் அந்த மழை? ஒரு கோடையில் வானம் பொத்துக்கொண்டு கொட்டித் தெருவே ஆறாக ஓடியபோது, டியூஷனிலிருந்து அவளைத் தோளில் ஏற்றி வந்தாரே! தண்ணீர் அவர் மோவாயைத் தொட்டதும் அவள் அலறினாள். "எதுக்குடி கத்தறே? உங்கப்பன் நீச்சக்காரனாச்சே" என்றார்.

அவள் அடுக்களைக்கு ஓடினாள். "அம்மா, அப்பாவுக்கு நீச்சல் தெரியுமா, தெரியாதா?"

"எனக்கு எப்படிடி தெரியும்? தெரியும்னுதான் சொல்லுவாரு." அம்மா கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். "ஆனா அன்னிக்கு உன்னை இறக்கிவிட்டதும் அவருக்குக் கை கால் நடுங்குச்சு. குளிருதுன்னாரு."

குளத்தில் அவர் கால் தரையை விட்டு எழும்பி ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபப்படுவதா அழுவதா என்று புரியவில்லை. அவள் இன்றும் மீன்போல நீந்துவாள். நீச்சல் தெரியாத ஒருவர் அதை எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்கலாமென்றால், கேட்க வேண்டியவரே இல்லை.