சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை கிடக்கிறது. அண்ணனின் உடம்பைக் கொடுத்த அன்று, கோவை ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையையும் என் கையில் திணித்தார்கள். கைக்கடிகாரம், பாதி உடைந்த மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையிலிருந்து எடுத்த இந்தக் கட்டை. அதில் அவர் சுற்றிய கம்பி இன்னமும் அறுபடாமல் இருக்கிறது.

அண்ணன் அவிநாசிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மின்சார வேலை எதுவானாலும் முதலில் மெயின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பலகையிலேயே வைத்துவிட்டால் விவரம் தெரியாத யாராவது எடுத்துச் செருகிவிடுவார்கள் அல்லவா? எங்கள் பக்கத்தில் மோட்டார் வைத்திருக்கும் குடியானவர்கள் முக்கால்வாசிப் பேர் செய்வதும் இதுதான். "பீசு எம்பட பையில இருந்தா எமனுக்கு லீவு கண்ணு" என்பார்.

அதே ஆலையில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்த அண்ணியின் நுரையீரலைப் பஞ்சுத் தூசி தின்றுவிட்டது. ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் அவரால் அரைமணி நேரம் தாங்க முடியாது. கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் அண்ணன் மாடியில் சோலார் பேனலும் கீழே பேட்டரியும் வைத்தார். அவற்றை மாட்டிய நாளில் அவர் அண்ணியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வீட்டில் நான்தான் இருந்தேன். மாட்ட வந்தவர் போகும்போது சொன்னார்: "பேனல் வயர மட்டும் நீங்களா தொட்டுப்போடாதீங்க சார். மெயின அமத்துனாலும் வெயிலு இருக்கற வரைக்கும் அதுல கரண்டு இருக்குமுங்க." நான் தலையாட்டினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. கரண்டோடு குடித்தனம் நடத்தியவருக்குத் தமிழ் வாத்தியார் நான் போய்ப் பாடம் எடுப்பதா என்ற கூச்சம். சொல்லியிருந்தால் என்னைக் கேலி செய்திருப்பார். செய்துவிட்டுப் போகட்டுமே, உயிரோடு இருந்திருப்பார்.

அந்தக் கோடையில் பேனலிலிருந்து கரண்ட் வருவது நின்றது. போன் செய்தால் "நாளைக்கு வந்தர்றமுங்க" என்றார்கள். ஐந்து நாளும் அதே பதில். ஆறாம் நாள் காலையில் தெருவுக்கே கரண்ட் போனது. பத்து மணிக்குப் பேட்டரியும் தீர்ந்தது. கைவசம் இருந்த ஒரே சிறிய சிலிண்டரை அண்ணிக்கு மாட்டினோம். அதன் முள் இறங்கிக்கொண்டே வந்தது. மாடியில் வயர் இணைப்பு ஒன்று உருகிக் கிடப்பதை அண்ணன் முந்தின நாளே பார்த்திருந்தார்.

"வேண்டாமுங்ணா, ஆளு வரட்டும்" என்றேன்.

"அவன் வர்றதுக்குள்ள உங்க அண்ணி போயிருவா. பீசு பையில இருக்குது, நீ அவகூட இரு."

கட்டிங் பிளேயரோடு படியேறினார். அப்போதும் அந்த எச்சரிக்கை எனக்கு நினைவுக்கு வரவில்லை. என் கண் முழுக்கச் சிலிண்டர் முள்ளில் இருந்தது. மேலே ஒரு சத்தம் கேட்டது, அடுத்து வாசலில் ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் அண்ணன் வாசலில் கிடந்தார்.

ஆம்புலன்ஸில் எதிர்வீட்டுக்காரர் ஏறிக்கொண்டார். அண்ணியை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. கரண்ட் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் வரவில்லை. சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. எங்கள் ஃபியூஸ் அண்ணனின் சட்டைப் பையில் கோவைக்குப் போய்க்கொண்டிருந்தது. முள் சிவப்பில் நின்றது. அண்ணியின் உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டுக்கு ஓடி அவர்கள் ஃபியூஸைப் பிடுங்கி வந்து எங்கள் பலகையில் செருகினேன். பல்பு மாட்டவே பயப்படுகிறவன் நான். மிஷின் ஓடத் தொடங்கியது. சற்று நேரத்தில் போன் வந்தது. அண்ணன் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இப்போது மாடியில் பேனல் தெரிகிற வீடுகளில் நானே வலியப் போய்ச் சொல்கிறேன், நீங்களாகக் கை வைக்காதீர்கள் என்று. "கூப்பிட்டா ஆளு வரோணுமுங்களே" என்கிறார்கள். மூச்சுக்குத் தவிக்கும் ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது?

அண்ணி இருக்கிறார். எதிர்வீட்டு ஃபியூஸில்தான் அவருடைய மிஷின் இன்றும் ஓடுகிறது. போன வாரமும் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஏனுங் தம்பி, பீசப் புடுங்கிப் பையில போட்டுட்டுத்தானே போனாரு. அப்பறம் கரண்டு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"தெரியலீங்க அண்ணி" என்றேன். என் அறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்து அந்தக் கட்டையைக் கையில் எடுத்தேன். பேனல் மாட்ட வந்தவர் அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போனதை அதனிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை.